‘எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே’ என்பவரைக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது எப்படி?

என் அக்காவைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. சம்மதித்த பிறகு பரிசோதனை முடிந்து ரிப்போர்ட் கைக்கு வர இன்னும் ஏழு மாதங்கள். முதல் தடவை, அந்த மாத ரத்தப்போக்கு முழுதாக நிற்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை எடுத்த மாதிரி, படிக்க முடியாதபடி இருந்தது. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக நடந்தும் ரிப்போர்ட் ஐந்து வாரம் ஆய்வகத்திலேயே கிடந்தது; யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸான ஹெச்பிவியின் 16ஆம் வகை அவளுக்கு இருக்கிறது என்று சொன்ன ரிப்போர்ட் அது. ஒவ்வொரு தடவையும் அக்கா, “போதும்டி, விட்டுடு” என்றாள்.

முன்கூட்டியே யாராவது நாலு விஷயம் சொல்லியிருந்தால் அந்த ஏழு மாதமும் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் அம்மா, அக்கா, அண்ணி, கூட வேலை பார்ப்பவர் என்று யாரையாவது ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்களுக்கே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தாலும் படிகள் இவைதான்.

2022இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது; சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். ஆனால் வைரஸ் தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலம் முழுவதும் வலி இருக்காது, ரத்தப்போக்கு இருக்காது. பரிசோதித்துப் பார்த்தால் மட்டும் செல்களில் உண்டாகும் மாற்றம் தெரியும். தெரிந்தால் அதை அகற்றிவிடலாம்.

1. அவருக்குப் பரிசோதனை தேவையா என்று முதலில் பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் 30 வயதிலிருந்து தொடங்கச் சொல்கிறது. ஹெச்ஐவி தொற்று உள்ளவர்கள் 25 வயதிலிருந்தே தொடங்க வேண்டும். சில நாடுகளில் எல்லாப் பெண்களுக்கும் 21 அல்லது 25இல் தொடங்கிவிடுகிறார்கள். முடியும் வயது பல இடங்களில் 65ஐ ஒட்டி இருக்கிறது; ஆனால் அது இதுவரை ஒழுங்காகப் பரிசோதனை செய்து, எல்லாம் சரியாக இருந்தவர்களுக்கு. 60 வயதுவரை ஒரு தடவைகூட எடுக்காத அம்மாவிடம் “இனிமேல் எதுக்கு?” என்று சொல்லிவிடாதீர்கள்.

‘தேவையில்லை’ என்று தவறாக நினைத்துக்கொள்பவர்கள் மூன்று வகை. முதலாவது, ஹெச்பிவி தடுப்பூசி போட்டவர்கள். தடுப்பூசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை. அவர்களும் எடுக்க வேண்டும். இரண்டாவது, மாதவிடாய் நின்றவர்கள். மூன்றாவது, கர்ப்பப்பையை எடுத்தவர்கள். சில அறுவை சிகிச்சைகளில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு அதன் வாயை மட்டும் விட்டுவிடுவார்கள். வாய்ப்பகுதி இருந்தால் பரிசோதனையும் தேவை. அவருக்கு அது நினைவிருக்காது; பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். முழுவதும் எடுத்திருந்தாலும், ஏற்கெனவே அங்கே தீவிர மாற்றம் இருந்ததென்றால் மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள்.

முக்கியமான ஒன்று. உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், மாதவிடாய் நின்று வருடங்கள் கழித்து ரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், இவற்றில் எது இருந்தாலும் பரிசோதனை முகாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறி இல்லாதவர்களுக்குத்தான் முகாம். அறிகுறி இருப்பவர் நேரே மகளிர் நோய் மருத்துவரிடம் போக வேண்டும், அந்த வாரத்திலேயே. பழைய பரிசோதனை ரிப்போர்ட் சரியாக இருந்தாலும் போக வேண்டும்.

2. பேச்சை எடுப்பது

நான் மூன்று ஆண்டு செய்த தவறு பயமுறுத்தியதுதான். புற்றுநோய், சாவு, இத்தனை பேர் என்று எண்ணிக்கைகளாக அடுக்கினேன். அக்கா கேட்டுக்கொண்டு, “சரி, லீவு வரட்டும்” என்பாள். அவள் பயந்துவிட்டாள், அதனால்தான் தள்ளிப்போட்டாள் என்பது எனக்குப் புரிய வெகுநாளாயிற்று.

கடைசியில் பலித்தது இது: “அக்கா, புதன்கிழமை நான் எடுத்துக்கப் போறேன். எனக்கும் இதுதான் முதல் தடவை. நீயும் வா, ரெண்டு பேரும் சேர்ந்து போயிட்டு வந்துடலாம்.” கிழமை சொன்னேன், நேரம் சொன்னேன், கூட வருகிறேன் என்று சொன்னேன். மறுநாள் அவளே அழைத்து, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டாள்.

அவர் சொல்லாமல் விழுங்கும் காரணம் என்ன என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

“எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே.” தொந்தரவு இல்லாத காலத்தில்தான் இதைப் பிடிக்க முடியும் என்று சொல்லுங்கள்.

“ஆண் மருத்துவர் இருப்பாரோ?” இதற்கு ஆறுதல் வார்த்தை உதவாது. முன்பதிவின்போதே பெண் மருத்துவரோ பெண் நர்ஸோ எடுப்பார்களா என்று நீங்களே கேட்டு, எடுப்பவர் யார் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

“நான் ஒருத்தரோடதான் வாழ்ந்திருக்கேன், எனக்கு எப்படி வரும்?” இதைக் கவனமாகக் கையாளுங்கள். தாம்பத்திய உறவில் இருக்கும் பெரும்பாலான ஆண், பெண் இருவருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது ஹெச்பிவி தொற்றிப் போகிறது. பத்தில் ஒன்பது தொற்று, இரண்டு ஆண்டுக்குள் உடம்பே துடைத்துவிடும். மீதி சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. இதை ரிப்போர்ட் வருவதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ‘பாசிட்டிவ்’ என்று வந்த அன்று அக்கா புற்றுநோயைப் பற்றிக் கேட்கவே இல்லை, “அவர்கிட்ட என்னன்னு சொல்றது?” என்றுதான் அழுதாள். ஒரு வாரம் அத்தானோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் ஒரு வார்த்தையால் தவிர்த்திருக்கக்கூடிய வாரம் அது.

3. என்ன பரிசோதனை என்று பெயரோடு கேளுங்கள்

“புற்றுநோய்ப் பரிசோதனை” என்று பொதுவாகக் கேட்டால் ஏதாவது ஒன்றைச் செய்து அனுப்புவார்கள். வழக்கத்தில் உள்ளவை மூன்று.

ஹெச்பிவி பரிசோதனை: கர்ப்பப்பை வாயிலோ யோனியிலோ பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. 30 வயதுக்கு மேல் இதுவே முதல் தேர்வு. சரியாக இருந்தால் அடுத்தது 5 முதல் 10 ஆண்டு கழித்து. இதில் இன்னொரு வசதி, சில இடங்களில் மாதிரியைப் பெண்ணே தனியறையிலோ வீட்டிலோ எடுத்துக்கொள்ளலாம். யோனியை விரிக்கும் கருவியை உள்ளே வைக்கவே வேண்டாம். கூச்சத்தால் மறுப்பவருக்கு இது கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். பாசிட்டிவ் வந்தால் மட்டும் மருத்துவமனைக்கு நேரில் போக வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பேப் ஸ்மியர்: செல்களைத் தேய்த்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. 3 ஆண்டுக்கு ஒரு முறை.

வயா: கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது. முடிவு உடனே கிடைக்கும். முகாம்களில் பெரும்பாலும் இதுதான். இதுவும் 3 ஆண்டுக்கு ஒரு முறை. மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் இது பொருந்தாது.

‘வயிற்று ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்’ என்று ஏமாந்துவிடாதீர்கள். ஸ்கேனிலோ சாதாரண ரத்தப் பரிசோதனையிலோ இந்த ஆரம்ப மாற்றங்கள் தெரியாது. என் அக்கா இரண்டு ஆண்டு சொன்ன பதில் இதுதான்.

4. நாள் குறிக்கும்போது

மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணி 10ஆம் நாளுக்கும் 20ஆம் நாளுக்கும் இடையே ஒரு நாளைக் குறியுங்கள். ‘ஏழாம் நாள், இன்றைக்கு லேசாகத்தான் இருக்கிறது’ என்று போய்த்தான் நாங்கள் திரும்பி வந்தோம். இருவரும் எடுத்த விடுப்பு வீணாயிற்று. மாதவிடாய் நின்றவர் எந்த நாளிலும் போகலாம்.

போவதற்கு முந்தைய இரண்டு நாளும் உறவு கூடாது, யோனியில் மாத்திரையோ கிரீமோ வைக்கக் கூடாது, உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கூடாது. எங்கள் இரண்டாம் தோல்வி இதனால்தான். வெள்ளைப்படுதலுக்குக் கொடுத்திருந்த மாத்திரையை அக்கா முந்தின இரவு வைத்திருக்கிறாள். பரிசோதனை அறையில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் ‘மாதிரி போதுமானதாக இல்லை’ என்று வந்தது. அப்படி வந்தால் புற்றுநோய் என்று பொருளில்லை. எல்லாம் சரி என்றும் பொருளில்லை. பொதுவாக 2 முதல் 4 மாதத்துக்குள் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

குழந்தை பெற்றவர்கள் குறைந்தது 6 வாரம் கழித்து எடுப்பது வழக்கம். சில நாடுகளில் 12 வாரம் என்பார்கள். மாதவிடாய் நின்று யோனி வறண்டிருப்பவருக்குக் கருவி வைத்தால் வலிக்கும். சில வாரம் முன்னதாகவே மருத்துவரைப் பார்த்தால் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார், அதன்பின் மிகவும் எளிதாக இருக்கும். பரிசோதனைக்கு எத்தனை நாள் முன் அதை நிறுத்த வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. செலவு

பல நாடுகளில் அரசு மருத்துவமனைகளிலும் பொதுச் சுகாதாரத் திட்டங்களிலும் இது இலவசம். முதலில் அங்கே விசாரியுங்கள். தனியாரிடம் போவதானால், “பரிசோதனைக்கு எவ்வளவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். மருத்துவர் கட்டணம், மாதிரி எடுக்கும் கட்டணம், ஆய்வகக் கட்டணம் மூன்றும் தனித்தனியாக வரலாம். சொன்ன தொகையில் மூன்றும் அடக்கமா என்று கேளுங்கள். ஹெச்பிவியும் பேப் ஸ்மியரும் சேர்த்து எடுக்கச் சொன்னால் இரண்டும் ஏன் தேவை என்று கேட்கலாம். ஒன்றே போதும் என்ற நிலையும் உண்டு.

காப்பீடு இருந்தால், ‘நோய்த்தடுப்புப் பரிசோதனை’ என்ற வகையில் இது வருகிறதா, வந்தால் எந்த மருத்துவமனைகளில், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாசிட்டிவ் வந்தபின் செய்யும் கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது), பயாப்ஸி (துளி சதையை எடுத்துச் சோதிப்பது) இரண்டும் காப்பீட்டுக் கணக்கில் வேறு தலைப்பில் போகலாம். அவற்றின் செலவையும் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. பணம் புரட்டுவதற்காக ஒத்திப்போட்ட தேதி பிறகு திரும்பி வருவதில்லை.

6. கையில் எடுத்துப் போக வேண்டியவை

அடையாள அட்டை, காப்பீட்டு அல்லது மருத்துவத் திட்ட அட்டை, கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி, முன்பு எடுத்த பரிசோதனை, பயாப்ஸி ரிப்போர்ட்டுகள், கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதன் சம்மரி, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவை. ஹெச்ஐவி இருந்தாலோ நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுத்தாலோ அதை மறைக்கக் கூடாது. அவர்களுக்குப் பரிசோதனைகளுக்கு இடையிலான இடைவெளி குறைவு. ஒரு நாப்கினும் வைத்துக்கொள்ளுங்கள், லேசான ரத்தக்கசிவு ஒரு நாள் இருக்கலாம். இடுப்பிலிருந்து எளிதாகத் தளர்த்தும் உடை வசதி.

பதிவேட்டில் எழுதும் தொலைபேசி எண்ணைக் கவனியுங்கள். பழக்கத்தில் கணவர் எண்ணையோ மகன் எண்ணையோ சொல்லிவிடுவார்கள். முடிவு யாருக்குத் தெரிய வேண்டும் என்று அந்தப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும். அவரே எடுக்கும் எண்ணைக் கொடுங்கள்.

7. அறைக்குள்

மாதிரி எடுக்கச் சில நிமிடங்கள்தான். கால் மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து விரித்து, பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பார்கள். அழுத்தமாகத் தெரியும், சிலருக்கு மாதவிடாய் வலி போல ஒரு சுருக்கென்ற இழுப்பு. மயக்க மருந்து வேண்டாம், பட்டினி வேண்டாம்.

அவருக்கு உள்ள உரிமைகளை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சிறிய அளவு ஸ்பெகுலம் கேட்கலாம். உங்களைக் கூட இருக்க வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் செய்யுமுன் சொல்லச் சொல்லலாம். “நிறுத்துங்க” என்றால் நிறுத்த வேண்டும். முன்பு யாராவது அவரிடம் முறைகேடாக நடந்திருந்தால் இந்த நிமிடங்கள் மிகக் கடினமானவை. விவரம் எதுவும் சொல்லாமல், “எனக்கு இது கஷ்டமான விஷயம், மெதுவாகச் செய்யுங்கள்” என்று மட்டும் சொன்னால் போதும். அன்றைக்கு முடியவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்; தானே மாதிரி எடுக்கும் வழி இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள்.

8. ரிப்போர்ட்டைத் தேடிப் போய் வாங்குங்கள்

கிளம்புமுன் மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ரிப்போர்ட் எந்தத் தேதியில் வரும், யாரிடம் வாங்க வேண்டும், அழைக்க வேண்டிய எண் எது. பேப் ஸ்மியருக்கும் ஹெச்பிவிக்கும் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். சொன்ன தேதிக்கு மறுநாள் நீங்களே அழையுங்கள். ‘ஏதாவது இருந்தால் கூப்பிடுவார்கள், கூப்பிடவில்லை என்றால் நல்ல செய்தி’ என்று நான் நம்பி உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது வாரம், வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவள் கேட்டுப் பார்த்தபோது ரிப்போர்ட் உறையோடு மேசையில் இருந்தது.

9. ரிப்போர்ட்டில் இருப்பது என்ன

ஹெச்பிவி நெகட்டிவ்: நிம்மதியாக அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

ஹெச்பிவி பாசிட்டிவ்: வைரஸ் இருக்கிறது, அவ்வளவுதான். புற்றுநோய் என்று இதற்குப் பொருள் இல்லை. எந்த வகை என்று பாருங்கள். உலகின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். அவை இருந்தால் பொதுவாக நேரே கால்போஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள். வேறு வகையாக இருந்து பேப் ஸ்மியர் சரியாக இருந்தால், பெரும்பாலும் ஓராண்டு கழித்து மறுபரிசோதனை.

பேப் ஸ்மியரில் ‘ஆஸ்கஸ்’ என்பது தெளிவில்லாத சிறு மாற்றம். ‘எல்சில்’ லேசான மாற்றம். ‘ஹெச்சில்’ என்றால் தீவிர மாற்றம், உடனே அடுத்த படிக்குப் போக வேண்டும். இந்தச் சொற்களை அவர் தனியே இருக்கும்போது தொலைபேசியில் தேடிப் பார்த்துப் பயந்துவிடாமல், மருத்துவரைப் பார்க்கும் தேதியை அன்றே வாங்கிவிடுங்கள்.

10. பாசிட்டிவ் வந்தவரைப் பாதியில் விடாதீர்கள்

இங்கேதான் அதிகப் பேர் நழுவிப்போகிறார்கள். வலி இல்லை, வேலை இருக்கிறது, பயமும் இருக்கிறது. முதல் பரிசோதனைக்குத் துணையாகப் போனவர்கள் இந்த இரண்டாம் படிக்கும் துணையாகப் போக வேண்டும். இதுவரை சொன்னதில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதையே.

கால்போஸ்கோப்பி என்பது பெரிதாக்கிக் காட்டும் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது. பத்திலிருந்து இருபது நிமிடம். அப்போது அயோடின் தடவுவதுண்டு; அதற்கு ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். சந்தேகமான இடத்தில் துளியளவு கிள்ளி எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அன்று மாலை வலி இருக்கலாம், சில நாள் கருமையான கசிவு வரலாம்.

அதன் முடிவில், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் எவ்வளவு என்பதை சிஐஎன் 1, 2, 3 என்று குறிப்பார்கள். சிஐஎன் 1 என்று வந்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும், கண்காணிப்பார்கள். சிஐஎன் 2, 3 என்றால் பொதுவாக அந்தப் பகுதியை அகற்ற வேண்டும்: உறைய வைத்தோ, சூட்டால் கருக்கியோ, ‘லீப்’ என்ற மெல்லிய மின்கம்பி வளையத்தால் வெட்டியோ. அக்காவுக்கு லீப். மரத்துப்போகும் ஊசி போட்டு, அரைமணிக்குள் முடித்து, மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். சுமார் நான்கு வாரத்துக்கு உறவு கூடாது. கசிவும் அதுவரை இருக்கலாம். நாப்கின் நனையும்படி ரத்தம், காய்ச்சல், நாற்றம் என்று ஏதாவது வந்தால் உடனே திரும்பிப் போங்கள். இன்னும் குழந்தை பெற நினைப்பவர் அதைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். லீப் செய்தவர்களுக்குப் பின்னாளில் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்பதால் எந்த முறை என்று யோசித்து முடிவு செய்வார்கள்.

கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று யாராவது உடனே சொன்னால், பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். புற்றுநோயாகாத மாற்றத்துக்குப் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்காது.

11. அடுத்த தேதி

சிகிச்சை எடுத்தவர் ஓராண்டுக்குள் மறுபரிசோதனைக்கு வர வேண்டும், அதன்பிறகும் சில ஆண்டு தொடர்ந்து. சரியென்று வந்தவருக்கும் அடுத்த தேதி உண்டு. இரண்டையும் அவர் தொலைபேசியிலும் உங்கள் தொலைபேசியிலும் பதிந்துவையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால் எல்லா ரிப்போர்ட்டையும் படம் எடுத்து ஒரே இடத்தில் சேமித்து, அசலை ஒரு உறையில் போட்டு, வெளியே பெயரும் அடுத்த ஆண்டும் எழுதிவிடுங்கள்.

அக்காவின் ஓராண்டுப் பரிசோதனை போன மாதம் முடிந்தது. நெகட்டிவ். ரிப்போர்ட் தேதிக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தை அழைத்தது அவள்தான். எனக்கு அதற்குப் பிறகுதான் சொன்னாள்.